பொன்னுத்தாயி விரும்பிக் கேட்ட பாடல்

எஃப்.எம். இருந்தது, யு.எஸ்.பி. இருந்தது, புளூடூத் இருந்தது. ஏ.எம். இல்லை. கோமதி மறுபடி கார் ரேடியோவின் பொத்தானை அமுக்கினாள். மறுபடியும் அதே மூன்றுதான் வரிசையாக வந்து போயின. எங்கேயாவது உள்ளுக்குள் ஒளித்து வைத்திருப்பான்கள், இப்போது வருகிற சாமான் எல்லாம் அப்படித்தானே, ஒரு விளக்கைப் போட நாலு இடத்தில் தொடவேண்டியிருக்கிறது என்று திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். பாஷையை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. திரை வெளிச்சத்தை நீலமாக்கவும் சிவப்பாக்கவும் வழி இருந்தது. ஏ.எம்.முக்கு மட்டும் வழி இல்லை. வெளியே ரயில்வே கேட் சாத்திக் கிடந்தது. அவள் புருஷன் ஆவுடையப்பன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போய், கேட்டுக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு யாரோ ஒரு டெம்போக்காரரோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தென்காசி. அங்கே ஆஸ்பத்திரி. இன்றைக்கு முதல் ஊசி, பிள்ளைக்கான வைத்தியத்தில் மூன்றாம் சுற்றின் முதல் ஊசி. அது அவள் வயிற்றில் இறங்குவதற்கு முன்னால் இவன் காதில் ஒரு பெயர் விழவேண்டும் என்றுதான் ரேடியோவைத் தொட்டாள். அவள் வேலை பார்க்கிற வானொலி நிலையத்தில் இந்நேரம் நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர் கோமதி லீவு போட்டதால் மெர்சி மைக்கில் இருப்பாள். ஏதாவது ஒரு பாட்டுக்கு, விரும்பிக் கேட்டவர்கள் பெயரோடு பெயராக, மேலக்கரை பொன்னுத்தாயி என்று ஒரு பெயரையும் சேர்த்துப் படித்துவிடு என்று நேற்றே அவளிடம் சொல்லி வைத்தாயிற்று. மெர்சி ஏன் என்று கேட்கவில்லை, நல்ல பெண். இவன் பக்கத்தில் இருக்கும்போது, இவள் முகத்துக்கு நேரே அந்தப் பெயர் காருக்குள் விழவேண்டும், விழுந்த பிறகு இவன் எப்படி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான் என்று பார்க்கவேண்டும் என்று புரண்டு புரண்டு படுத்துப் போட்ட திட்டம். மெர்சி இப்போது படித்தும் இருப்பாள். இந்தப் பாழாய்ப்போன வண்டிக்குள் அது வராது. இன்றைக்கு மட்டும் என்றில்லை. என்றைக்குமே வந்திருக்காது.

என்றைக்குமே வந்திருக்காது என்றால், கேட்டேன் கேட்டேன் என்றானே, அது என்ன. போன மாதம் புது அதிகாரி கூட்டம் போட்டு, காலின்மேல் கால் போட்டுக்கொண்டு, "இப்பல்லாம் கார்ல போறவங்க யாரும்மா ஏ.எம். கேக்கறாங்க? ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்" என்றாரே, எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அப்போது எழுந்து நின்ற கழுதை யார். "எங்க வீட்டுக்காரங்க கேக்காங்க சார். மருந்துக் கம்பெனி ரெப்பு. காலையில வண்டியில ஏறினாங்கன்னா ஆலங்குளம், கடையம், அம்பைன்னு சுத்தி முடிக்கிற வரைக்கும் நம்ம ஸ்டேஷன்தான் ஓடும்." கூட்டத்தில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே, "அப்ப ஒருத்தர் இருக்கார்" என்றார். சிரிக்கட்டுமே, ஒருத்தர் இருக்கிறார்தானே என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள். அந்த ஒருத்தரும் இல்லை. அந்த ஒருத்தர் பென் டிரைவில் பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு தாளம் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். சரி, காரில் வராது, போனில் வருமே. அவள்தானே அந்த ஆப்பை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தாள், வெளியூர் போனாலும் வரும் என்று. அதையாவது தொட்டிருப்பானா. தொட்டிருக்கமாட்டான். தொட்டிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அவனாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். கோமதி கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். அவனாகச் சொன்ன வார்த்தை, அவள் எடுத்துக் கொடுக்காமல் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை. "இன்னைக்கு நல்லா இருந்துச்சு." இது ஒரு வார்த்தையா. "தொண்டை கட்டியிருக்கோ?" வீட்டில் மூன்று நாளாக இருமிக்கொண்டிருந்தால் எருமைக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் பாட்டு நடுவில் நின்றுபோய் அவள் சமாளித்துப் பேசினாளே, அதை அவன் சொன்னானே, "நல்லா சமாளிச்ச" என்று. இல்லை. கதவைத் திறந்ததும் "இன்னைக்குப் பாட்டு நின்னு போச்சு, பாத்தீங்களா" என்று இவள்தான் முதலில் சொன்னாள். எல்லாவற்றையும் இவளே ஊட்டிவிட்டு, அவன் வாயைத் துடைத்தும்விட்டு, கேட்டாயா என்று கேட்டிருக்கிறாள். கேட்டேன் என்று தலையாட்டியிருக்கிறான். சே.

கல்யாணமான புதிதில் அப்படி இல்லை. அப்போது நிஜமாகவே கேட்டான், அதில் சந்தேகமே கிடையாது, இருந்த ஒரே வழி அதுதான். பாளையங்கோட்டையில் அவன் அம்மா வீடு, இரண்டே அறை, ஏழு பேர். சண்டையையாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் போட்டுவிடலாம், சமாதானத்துக்குப் பேசித்தானே ஆகவேண்டும். பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவாள், நாத்தனார் களுக்கென்று சிரிப்பாள். அப்போது அவன்தான் மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் வந்து சொன்னான்: நீதான் தினமும் காலையில் ஊர்ப்பட்ட பேர் படிக்கிறாயே, அதில் நமக்கென்று இரண்டு பேர் சேர்த்துக்கொள். கோபம் தீரவில்லை என்றால் கீழக்கரை வேலம்மாள். தீர்ந்துவிட்டது, சீக்கிரம் வாங்க என்றால் கீழக்கரை செண்பகம். கீழக்கரையில் அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். முதல் தடவை செண்பகம் என்று படித்தபோது அவளுக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. புளியங்குடி ராஜாமணி, ராஜாமணியின் நண்பர்கள், வீரவநல்லூர் சுலைகா பானு, கீழக்கரை செண்பகம். நடுவில் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் விளக்கு வைப்பதற்கு முன்னால் ஆவுடையப்பன் பலாச்சுளைப் பொட்டலத்தோடு படியேறி வந்தான், மாமியார் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு விலை மலிவு என்றான். அந்தப் பழைய நீல மாருதியில் ஏ.எம். இருந்தது. குமிழ் கழன்றுபோய் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், குறடு வைத்துத்தான் திருகுவான். மலைப்பக்கம் போனால் கரகரவென்று இழுக்கும், நீ பேசுகிறாயா நண்டு வறுக்கிறாயா என்று கேலி பண்ணுவான். அதெல்லாம் கேட்டவன் சொல்கிற வார்த்தை. பிறகு பெருமாள்புரத்தில் தனி வீடு பார்த்துப் போனார்கள், முழு வீட்டுக்கும் இரண்டே பேர், தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனால் அதற்குள் இருவருக்கும் வாய் செத்துப்போயிற்று. லேசான பேச்செல்லாம் வீட்டில், கனமானது ரேடியோவில் என்று ஆகிவிட்டது. சோறு போடும்போது சொல்லியிருக்கவேண்டியதை எல்லாம் செண்பகமும் வேலம்மாளும் சொன்னார்கள். இவளுக்கு அதில் ஒரு கர்வம்கூட. ஊரெல்லாம் கேட்க, ஒருத்தனுக்கு மட்டும் புரியப் பேசுகிறவள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று.

பொன்னுத்தாயி அதற்கெல்லாம் பிறகு வந்தவள். இரண்டாம் சுற்றும் தங்காமல் போன பிறகு. முதல் தடவை தங்காதபோது அழுதாள். இரண்டாம் தடவை அழுகை வரவில்லை, அது அவளுக்கே பயமாக இருந்தது. தினம் தினம் வயிற்றில் ஊசி. அவன்தான் போடுவான், மருந்து விற்கிறவன் இல்லையா, கை சுத்தம், பஞ்சால் துடைத்து, சதையைக் கிள்ளிப் பிடித்து, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்பான். எறும்பாம். இவன் வயிற்றில் ஒரு நாள் அந்த எறும்பை விட்டுப் பார்க்கவேண்டும். வயிறெல்லாம் கன்னிப்போய், மேல் வீங்கி, மருந்து வாடை மூத்திரம் வரைக்கும் வந்து, பிறகு ஒரு காலையில் ஒன்றுமில்லை என்று ஆகி, டாக்டரம்மா ரொம்பக் கனிவாக, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி. அன்று வீட்டுக்கு வந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "உனக்கு முடியலன்னா என்கிட்ட மூஞ்சியப் பாத்துச் சொல்லவேண்டாம், கோமு. மேலக்கரை பொன்னுத்தாயின்னு ஒரு பேரு படி. அந்த நிமிஷமே எல்லாத்தையும் நிறுத்திருதேன். ஏன்னுகூடக் கேக்கமாட்டேன்." அவ்வளவு நல்ல பேச்சு இந்த மனுஷன் வாயிலிருந்து அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பின்பும் வரவில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் இவ்வளவு நாளும் ஓடியது. போன வாரம் மூன்றாம் சுற்றுக்குத் தேதி வாங்கி வந்தான், தேதியைச் சொல்லும்போது அவன் முகம் பள்ளிக்கூடப் பையன் முகம் மாதிரி பளிச்சென்று இருந்தது. அந்த முகத்தில் எப்படிச் சொல்வது. மறுநாள் படித்தாள். கல்லிடைக்குறிச்சி ஐயம்பெருமாள், முக்கூடல் மரகதம், மேலக்கரை பொன்னுத்தாயி. படித்துவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டு, ஸ்டுடியோ கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் அவன் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, வெறும் வயிற்றில் போகவேண்டுமா சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்கிறான். விளையாடுகிறானோ என்று நினைத்தாள். "இன்னைக்குக் கேட்டீங்களா" என்று கேட்டாள். "கேட்டேனே" என்றான், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அடுத்த நாளும் படித்தாள். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு நாளும் கேட்டேனே. கேட்டுவிட்டும் இப்படி இருக்கிறானே, இவன் மனுஷனா, வாக்குக் கொடுத்த வாயில் என்ன கொழுக்கட்டையா இருக்கிறது என்று ஒரு வாரமாக அவளுக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. தோசை கருகியது, குக்கர் விசில் போனது, எதற்கும் அவனைத் திட்டவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. அவன் கேட்டுவிட்டுக் கல்லாக இருக்கவில்லை. கேட்கவே இல்லை. ஆக அந்தக் குற்றம் அவன்மேல் இல்லை. அதை நினைக்க ஆறுதலாக இருக்கவேண்டும், ஆனால் பிடித்து நின்ற கம்பியை யாரோ உருவிக்கொண்டுபோன மாதிரி இருந்தது. ஏனென்றால் கெட்டது மட்டுமா போயிற்று, நல்லதும் சேர்ந்து போயிற்று. நாத்தனார் வளைகாப்புக்கு இவள் வரவேண்டாம் என்று மாமியார் சொல்லி அனுப்பினாளே, அதற்கு இவன் வாயைத் திறக்கவில்லையே, அந்தச் சண்டைக்குப் பிறகு செண்பகம் படித்த அன்று பிச்சிப்பூ வாங்கி வந்து, அவனாகவே ஆற்றுப்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். செண்பகத்தைக் கேட்டுத்தான் வந்தான் என்று இவள் எவ்வளவு நிறைந்து போயிருந்தாள். அப்போது இந்த வண்டிதான். கேட்கவில்லை. அப்படியென்றால் அவனுக்கே தோன்றி வாங்கியிருக்கிறான். அது இன்னும் பெரிய விஷயம் இல்லையா. இருக்கலாம். அந்தப் பெருமையை அவனுக்குக் கொடுக்க இப்போது அவளுக்கு மனசில்லை. பூக்காரி தெரிந்தவளாக இருப்பாள், கூப்பிட்டுத் தலையில் கட்டியிருப்பாள், அவ்வளவுதான். அட, இவ்வளவு நாளாக யாரோடு குடித்தனம் பண்ணினோம். காற்றிலே ஒருத்தனை உண்டாக்கி, அவன் கேட்கிறான், அவனுக்குப் புரிகிறது, அவன் இறங்கி வருகிறான், அவன் கல்நெஞ்சன் என்று இவளே அவனுக்குக் கோபமும் அன்பும் போட்டு வளர்த்து, வீட்டிலிருந்த இந்த ஆள்மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். நினைக்க நினைக்கப் பயம் கிளம்பியது. பயம் வந்தால் அவளுக்குக் கோபம் இரட்டிப்பாகும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். கேட் சாத்தியிருக்கும்போது எதற்கடா அடிக்கிறாய், ரயில் இறங்கி வழிவிடுமா. ரயில் வந்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. ஜன்னலோரத்தில் யார் யாரோ முகங்கள், ஒருத்தரும் யாரையும் பார்க்காத முகங்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவளுக்கு அது தட்டுப்பட்டது. வாக்குக் கொடுத்தது பழைய வண்டி இருக்கும்போது. அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே பழைய வண்டியை விற்றான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. ஷோரூமில் இவள் கேட்டாள், "ரேடியோ இருக்கா?" என்று. அந்த டை கட்டின பையன், "எல்லாமே இருக்கு மேடம்" என்றான். ஏ.எம். என்று இவள் கேட்கவில்லை, ரேடியோ என்றால் இவளுக்கு அதுதானே. இவன் அப்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தான். குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தம்புது வண்டியின் டயரில் என்ன பார்வை. குனிந்தவன் நிமிரவே இல்லை.

கதவு திறந்தது. ஆவுடையப்பன் வெள்ளரிப்பிஞ்சைப் பிளந்து மிளகாய்ப்பொடி தூவிக் காகிதத்தில் வாங்கி வந்திருந்தான். "இப்ப தொறந்துருவான். இந்தா, தின்னு. வெயிலுக்கு நல்லது."

"இதுல ஏ.எம். வராதா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. "எதுல?"

"இந்த டப்பாவுல."

அவன் திரையைப் பார்த்தான். அவள் இழுத்து இழுத்துக் கடைசியில் விட்ட இடத்தில் அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "வராது" என்றான்.

"எப்ப இருந்து?"

"வாங்குனதுல இருந்தே."

"கேட்டேன் கேட்டேன்னு சொன்னீங்களே?"

"மொத நாளு நீ வாசல்லயே நின்னு கேட்ட. இல்லைன்னு சொல்ல வாய் வரல. பொறவு அதுவே பழகிப்போச்சு."

"போன்ல கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கலாம்" என்றான். காகிதத்தை டாஷ்போர்டின்மேல் வைத்தான். பிறகு அவள் ஒன்றுமே கேட்காதபோது, குரல் இறங்கி, "படிச்சிட்டியா? பொன்னுத்தாயியவா?" என்றான்.

அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. செண்பகமா என்று கேட்டிருக்கலாம், வேலம்மாளா என்று கேட்டிருக்கலாம். நேராக அந்தப் பெயருக்கு வந்துவிட்டான். "உங்களுக்குத் தெரியும், என்ன?" என்றாள். "தெரிஞ்சுக்கிட்டே கீரை உருவினீங்க."

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. என்னைக்காவது படிச்சிருவியோன்னு பயமா இருந்துச்சு. காதுல விழுந்தா நிறுத்தணும்லா. வாக்குக் குடுத்துட்டேன்லா." அவன் முகம் கோணியது. "விழாம இருந்தா இன்னும் ஒரு தடவை பாக்கலாம்னு."

கேட் உயர்ந்தது. முன்னால் நின்ற பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. பின்னாலிருந்து எல்லா ஹார்னும் ஒரே நேரத்தில் கிளம்பியது. ஆவுடையப்பன் சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனான். அதற்குள் கோமதி சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். திரை அணைந்தது.

"கோமு, சாவியக் குடு. பின்னால அம்புட்டு வண்டி நிக்குது."

"நிக்கட்டும். எனக்கு ஊசி வேண்டாம்." குரல் கரகரத்தது. மைக்குக்கு முன்னால் இத்தனை வருஷம் பேசிய குரல் இது இல்லை, இதை அவளே இப்போதுதான் கேட்கிறாள். "முடியலன்னு சொல்லல. வேண்டாம்னு சொல்லுதேன். கொழந்தையும் வேண்டாம்."

கடைசியில் சொன்னது அவள் போட்ட எந்தத் திட்டத்திலும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே திக்கென்றது. பொய்யோ என்று உள்ளே தடவிப் பார்த்தாள். பொய்யில்லை. எப்போதோ ஆகிப்போன விஷயம், பொன்னுத்தாயிக்குக்கூடத் தெரியாமல் கிடந்திருக்கிறது. லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து வண்டியின் கூரையில் ஓங்கித் தட்டினார். "ஏ அண்ணாச்சி, வண்டிய எடுங்க! உள்ள என்ன தூக்கமா?"

"சரி, கேட்டுட்டேன்" என்றான் ஆவுடையப்பன். "சாவியக் குடு."

"என்ன கேட்டீங்க?"

"கோமு..."

"என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க. இத்தன நாளா இத ஒரு தடவகூட நான் கேக்கல. இப்ப கேக்கேன். சொல்லாம சாவி கிடையாது."

லாரிக்காரர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார், ஏதோ வீட்டு விவகாரம் என்று புரிந்ததோ என்னவோ, கையை உதறிவிட்டு, பின்னால் நிற்கிறவர்களைச் சுற்றிக்கொண்டு போகச்சொல்லிக் கத்த ஆரம்பித்தார். ஆவுடையப்பன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "ஊசி வேண்டாம்" என்றான்.

"பொறவு?"

பக்கத்தில் ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது. "கொழந்தையும் வேண்டாம்."

"யாரு சொன்னா?"

"நீ."

"பேரு சொல்லுங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "கோமதி" என்றான்.

அவள் சாவியைக் கொடுத்தாள். அதைச் செருகும் இடம் அவனுக்கு உடனே அகப்படவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி, ஒரு பெட்ரோல் பங்குக்குள் வண்டியை ஒதுக்கி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வரவேற்பறைப் பெண் கலகலவென்று பேசினாள், எங்கே சார் வந்துக்கிட்டிருக்கீங்க, டாக்டர் வந்தாச்சு என்றாள். நாங்கள் வரவில்லை என்றான். வேறு நாள் போட்டுத் தரட்டுமா என்று அவள் கேட்டாள், பிறகு என்ன காரணமென்று எழுதிக்கொள்வது என்றும் கேட்டாள்.

"என் பொண்டாட்டி வேண்டாம்னுட்டா" என்றான் ஆவுடையப்பன். போனை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கோமதிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.